மை படாத விரல்

"ஓட்டு நான்தானுங்க போட்டேன்," என்றார் சேனாபதி.

இது ஐந்தாவது முறை. துவாரகா தன் நோட்டில் நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஐந்தாவது கோட்டை இழுத்தாள். ஒரு மனிதர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை எண்ணி வைப்பது துப்பறியும் தொழிலில் சேருமா என்று அவளுக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் எழுதினாள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியாதவர்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுவதுதான் நல்லது.

நியூஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் அந்த டவுன்ஹவுஸின் ஹாலில் மணி ஒன்று நாற்பது.

சேனாபதிக்கு எழுபத்துமூன்று வயது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். கையில் க்ரீன் கார்டு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நூவர்க்கில் குடியுரிமைக்கான நேர்காணல். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பத்து நாளைக்கு முன்னால் குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் பெயரில், உங்கள் முகவரியில், போன நவம்பர் தேர்தலில் ஒரு வாக்கு பதிவாகியிருக்கிறது. நேர்காணலின்போது விளக்கம் தேவை.

க்ரீன் கார்டு வைத்திருப்பவர் இந்த நாட்டில் வரி கட்டலாம், வீடு வாங்கலாம், பனி அள்ளலாம். ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடக் கூடாது. போட்டால் குடியுரிமை போகும், க்ரீன் கார்டு போகும், கடைசியில் ஆளையே விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். சேனாபதியை எங்கே அனுப்புவது? ஊரில் வீடு விற்றாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருடமாயிற்று. இறங்கி ஆட்டோ பிடித்தால் எந்தத் தெருவுக்குப் போகச் சொல்வார் என்பதே கேள்வி.

இத்தனைக்கும் அந்த மனிதர் அசையவில்லை. நான்தான் போட்டேன் என்று வக்கீல் இளங்குமரனிடமும் சொல்லிவிட்டார். வக்கீல் அதை ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இன்று மாலை ஐந்து மணிக்கு அவர் அலுவலகத்தில் கையெழுத்து.

"ஐயா," என்றாள் சாந்தாமணி, "எங்க போய்ப் போட்டீங்க?"

சாந்தாமணிக்கு ஐம்பத்துமூன்று வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கை கால் முறிவுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்து, ஐசலினில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் தனியார் துப்பறியும் அலுவலகம் போட்டவள். துவாரகா அவளுடைய ஒரே ஊழியர். பகலில் இவளோடு அலைச்சல், மாலையில் சட்ட உதவியாளர் வகுப்பு.

"இங்க பக்கத்துல ஸ்கூலுங்க," என்றார் சேனாபதி.

"கூட்டமா?"

"நல்ல கூட்டமுங்க. க்யூவுல நின்னுதான் போட்டேன்."

"வெயில் இல்லாத ஊரு, நிக்கலாம். அந்த வெரல்ல மை வெச்சாங்களே, அது அழிய எத்தனை நாளாச்சுங்க உங்களுக்கு?"

சேனாபதி இடது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "அது ஆச்சுங்க ஒரு மாசம். நகத்துக்கிட்ட இருந்தது போகவே இல்ல."

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மகன் மணியனின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. சமையலறை வாசலில் நின்ற மருமகள் கயல் கண்ணை மூடித் திறந்தாள்.

'மை, இடது கை, ஒரு மாதம்' என்று எழுதிக்கொண்டாள் துவாரகா.

"மேடம், போதும்," மணியன் எழுந்தார். "உங்களை கூப்பிட்டது என் வைஃப். எனக்கே காலைலதான் தெரியும். அப்பா ஒத்துக்கிட்டாரு. லாயர் பாத்துக்குவாரு. ப்ளீஸ், லீவ் இட்."

சாந்தாமணி மறுபேச்சுப் பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போகும் நடையில் சுவர் முழுக்க ஒரு பையனின் வெற்றிகள். செஸ் கோப்பை, கராத்தே பெல்ட், கணிதப் போட்டிப் பதக்கம், நீச்சல் குளத்தில் எடுத்த படம். நடுவில் மட்டும் ஓர் ஆணி தனியாக நின்றது. ஆணிக்குக் கீழே சுவர், ஒரு சதுர அளவுக்கு, மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது.

"இதெல்லாம் உங்கட மகன்ட பரிசோ அக்கா?" என்று கேட்டாள் துவாரகா.

"ஆமா, ஆர்யன். ஒரே பையன். கலிஃபோர்னியால படிக்கிறான், பெர்க்லி பக்கத்துல. செகண்ட் இயர்." கயல் குரலைத் தாழ்த்தினாள். "அவனுக்கு இது எதுவும் தெரியாது. மிட்டெர்ம் போயிட்டிருக்கு. தயவுசெஞ்சு அவன் காதுக்குப் போயிடக் கூடாது."

'ஆணி. வெள்ளைச் சதுரம்' என்று எழுதினாள் துவாரகா. எழுதியதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு கிழவரை நாடு கடத்தப் போகிறார்கள், இவள் ஆணி எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டாள்.

காரில் ஏறியதும் சாந்தாமணி சிரித்தாள்.

"என்னக்கா சிரிக்கிறீங்க? மனுசன் அஞ்சு தரம் ஒத்துக்கொண்டிட்டார். இனிப் பிள்ளையாரே வந்தாலும், க்யூவில நில்லுங்கோ எண்டு சொல்லிடுவாங்கள்."

"ஏண்டி, இந்த நாட்டுல ஓட்டுப் போட்டா வெரல்ல மை வெக்கிறாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்? இலங்கையில இருக்கேக்க போட வயசு காணாது. இஞ்ச வந்தாப் போடப் பேப்பர் காணாது. நான் என்ட வாழ்க்கையில வாக்குப் போட்டது பாட்டுப் போட்டிக்கு மட்டும்தான்."

"வெக்க மாட்டாங்க. எந்த ஸ்டேட்லயும் வெக்க மாட்டாங்க. அவரு சொன்னது கோபிச்செட்டிபாளையத்துல போட்ட ஓட்டு."

துவாரகா நோட்டைத் திறந்து அந்த வரியைப் பார்த்தாள். அதை எழுதியவள் அவள்தான். எழுதும்போது ஒன்றுமே தோன்றவில்லை.

சாந்தாமணி வண்டியை எடுப்பதற்குள் அவள் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பேசிய பெண் பொறுமைசாலி. அந்தப் பெயரில் பதிவான வாக்கு தபாலில் வந்தது, அதை மட்டும் இப்போதே சொல்லலாம். பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் சேர்ந்த முழு விவரம் வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும், ஏழு வேலை நாள் ஆகும்.

"தபால் ஓட்டு!" போனை வைத்ததும் கத்தினாள் துவாரகா. "ஸ்கூலும் இல்ல, க்யூவும் இல்ல. அவர் போடேல்ல அக்கா!"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாளைக்கு ஆபீசர்கிட்ட போய் மைக் கதையைச் சொன்னா நம்புவானா? ஓட்டு இருக்கு. பேரு இருக்கு. அட்ரஸ் இருக்கு. அவரு போடலைன்னா யாரு போட்டதுன்னு சொல்லணும். ஏழு நாள் நமக்குக் கிடையாது. மூணு மணி நேரம் இருக்கு."

"அந்தப் பிறந்த தேதியை வக்கீலாவது பாத்திருக்கலாமே?"

"ஒத்துக்கிட்டவனோட பிறந்த தேதியை யாரு சரிபார்ப்பா?"

இரண்டே முக்காலுக்கு ஓக் ட்ரீ ரோட்டில் வக்கீல் அலுவலகப் படியேறி, இரண்டு ஐம்பதுக்கு இறங்கினார்கள். இளங்குமரன் கெட்டவர் இல்லை. கட்சிக்காரர் சொல்வதைத்தான் அவர் எழுத முடியும். சத்தியம் செய்து சொல்லும் இடத்தில் மாற்றிச் சொல்ல வைக்க மாட்டார். "ஐஞ்சு மணிக்குள்ள வேற ஒரு உண்மையைக் கொண்டு வாங்க, நான் இதைக் கிழிச்சுப் போடுறேன்" என்றார்.

எதிர்க்கடையில் வாங்கிய போண்டாவோடு காரிலேயே உட்கார்ந்தார்கள். துவாரகா, காலையில் கயலிடம் கேட்டு நிரப்பிய படிவத்தை எடுத்து மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான், முதலிலிருந்து பார்ப்பது.

"இந்தப் படிவமே அரைகுறை. மாமனார்ட பேர் என்ன எண்டு கேட்டனான். வாயைத் திறக்கேல்ல. கடிதத்தைத் திருப்பி விரலால காட்டினவ. நானே பாத்து எழுதினன். பேரைச் சொன்னா நாக்கு வெந்து போயிடுமோ?"

"எங்க பக்கம் மாமனார் பேரைச் சொல்ல மாட்டாங்கடி. என் மாமனாரு பழனியப்பன். நான் பழனிக்கு பஸ் ஏறினாக்கூட, அந்த மலைக்கோயில் ஊருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்கன்னுதான் கேப்பேன்..."

சாந்தாமணியின் கை பாதி வழியில் நின்றது. போண்டாவை மெதுவாகக் காகிதத்தில் வைத்தாள்.

"அந்த வீட்டு ஆளுங்க பேரைப் படி. முழுப் பேரு."

"அப்பா சேனாபதி மணியன். மகன் மணியன் சேனாபதி. ஒரே காரை ரிவர்ஸ்ல விட்ட மாதிரி."

"ரெண்டாவது பேரு அப்பன் பேரு. சரியா? சேனாபதியோட அப்பா மணியன். சேனாபதி தன் பையனுக்கு அந்தத் தாத்தா பேரை வெச்சாரு. மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு, எங்க பக்கத்து வழக்கம். இப்ப மணியனுக்கு ஒரு பையன் பொறக்குறான். என்ன பேரு வெப்பான்?"

"தன்ட அப்பான்ட பேர். சேனாபதி. பின்னுக்குத் தன்ட பேர், மணி..." துவாரகாவின் பேனா நின்றுவிட்டது.

சேனாபதி மணியன்.

"ஆனா அந்தப் பொடியன் ஆர்யன் எல்லோ?"

"மாமனார் பேரைச் சொல்லக்கூடாத மருமக, பெத்த பையனைப் பாலு குடிக்க எப்படிக் கூப்பிடுவா? அதுக்குன்னு வீட்டுல தனியா ஒரு பேரு வெப்பாங்க. நாளடைவுல எல்லாரும் அதையே கூப்பிடுவாங்க. நிஜப் பேரு சர்டிஃபிகேட்டுல மட்டும் இருக்கும். வெள்ளைக்காரன் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேரு வெச்சா சீனியர் ஜூனியர்னு போட்டுக்குவான். ஒரு தலைமுறை தாண்டி வெக்கிறதை எவன் எதிர்பார்ப்பான்?"

துவாரகா தாள்களைப் புரட்டினாள். 'ஆணி. வெள்ளைச் சதுரம்.' அடிக்காமல் விட்ட வரி.

"ஹைஸ்கூல் சர்டிஃபிகேட்," என்றாள். "முழுப் பேரோட ஃப்ரேம் போட்டு மாட்டினது. நாங்கள் வரப்போறமெண்டு தெரிஞ்ச உடன கழட்டி ஒளிச்சிருக்கினம்."

"அது நீ பாத்தது. நான் அந்தச் செஸ் கோப்பையைப் பாத்துட்டு வந்துட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக துவாரகா இன்னும் பத்து நோட்டு எழுதியிருப்பாள். "அப்ப பிரச்சினை முடிஞ்சுது அக்கா! பொடியன் இஞ்ச பிறந்தவன், சிட்டிசன். பதினெட்டு வயசு முடிஞ்சு வாக்குப் போட்டிருக்கிறான். இதில என்ன பிழை?"

சாந்தாமணி சிரிக்கவில்லை. சாவியைத் திருகினாள்.

"அதான் எனக்கு பயமா இருக்கு. என் பையன் போட்ட ஓட்டுங்க அப்படின்னு மணியன் ஒரு வரி எழுதினாப் போதும். அதை எழுதாம, பெத்த அப்பனைப் பிளேன் ஏத்தத் துணியறான்னா, அதைவிடப் பெருசா எதையோ மூடி வெச்சிருக்கான்."

ரூட் ஒன்றில் வண்டிகள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. ஒவ்வொரு சிக்னலும் அவர்களுக்காகவே சிவந்தது போல இருந்தது. துவாரகா கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, ஒவ்வொரு நிமிடமும் பார்த்தாள். நான்கு ஐந்துக்கு அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, டிரைவ்வேயில் மணியனின் கார் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல, சேனாபதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாந்தாமணி தன் வண்டியை அவர்கள் வண்டிக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினாள்.

"ஐயா, உங்க பேரன் பேரு என்னங்க?"

"ஆர்யனுங்க."

"அந்த ஆணியில தொங்கிட்டிருந்த பேரு?"

சேனாபதி மகனைப் பார்த்தார். மணியன் காரை அணைத்தார். அடுத்த வீட்டில் யாரோ இலை ஊதும் எந்திரத்தை நிறுத்தினார்கள்.

"தெரிஞ்சுட்டுதுல்ல? விட்ருங்க," என்றார் மணியன். "ப்ளீஸ். உங்க காலுல வேணா விழறேன்."

"எதை விடறது?"

"அவன் ரெண்டு தடவை போட்டிருக்கான்!"

வாசற்படியில் நின்ற கயல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மணியன் துண்டு துண்டாகச் சொன்னார். நியூஜெர்சி தபால் ஓட்டுச் சீட்டு போன வருடம் இந்த வீட்டுக்குத்தான் வந்தது. அவரே அதை வேறு கவரில் போட்டுப் பையனுக்கு அனுப்பினார். பையன் அங்கிருந்து நிரப்பித் தபாலில் சேர்த்தான். அதில் தவறில்லை. ஆனால் அதே வாரம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டிருந்தான். அவர் போனை எடுத்துக் காட்டினார். ஒல்லியான பையன் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துப் பல் தெரியச் சிரிக்கிறான். லேப்டாப்பின் முதுகில் ஒரு ஸ்டிக்கர். நான் வாக்களித்தேன் என்று ஆங்கிலத்தில், கீழே கலிஃபோர்னியாக் கொடியின் கரடி.

"அங்க லைசென்ஸ் வாங்கினப்பவே அவனை அந்த ஸ்டேட்லயும் வோட்டரா சேத்துட்டாங்க. பூத்துக்குப் போய்ப் போட்டாத்தானே ஸ்டிக்கர் குடுப்பாங்க? எனக்கு இங்க அப்படித்தான் குடுத்தாங்க. டெக்சாஸ்ல, ஃபிரிஸ்கோல என் தங்கை நாப்பது நிமிஷம் க்யூல நின்னு வாங்கினா. ஒரே எலக்‌ஷன்ல ரெண்டு ஸ்டேட்ல போட்டா என்னன்னு பாத்தேன். அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், மேடம். இந்த ஓட்டு அவன் போட்டதுன்னு நாங்க சொன்னா, அவன் ஃபைலைத் திறப்பாங்க. திறந்தா அதுவும் வரும்."

"நான்தானுங்க முடிவு பண்ணுனது," என்றார் சேனாபதி. அவர் குரலில் அழுகை இல்லை; அதுதான் துவாரகாவுக்குத் தாங்கவில்லை. "எம்பட பேருதானுங்க அதுல இருக்குது. நான் ஈரோட்டுல ஒரு ரூம் எடுத்து இருந்துக்குவேன். அவனுக்குப் பத்தொம்போது வயசு."

துவாரகா கயலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "காலமையே எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா. எல்லாம் தெரிஞ்சு கொண்டுதானே வந்தனீங்க?"

"என்னன்னு சொல்றது?" கயல் தரையைப் பார்த்தே பேசினாள். "யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லணும். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. அதுவும் நான் வாய் திறந்து சொல்லக்கூடாத பேரு. நீங்களாக் கண்டுபிடிச்சா, மூணாவதா ஒரு வழி இருக்காதான்னு வந்தேன்."

மணி நான்கு பதினாலு.

துவாரகா மணியனின் போனை வாங்கி அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தாள். வகுப்பில் ஒரு மாதம் முழுக்க மாநிலத்துக்கு மாநிலம் மாறும் தபால் ஓட்டு விதிகளைத்தான் படித்தார்கள். டெக்சாஸில் சீட்டு வீட்டுக்கு வரவேண்டுமென்றால் அறுபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும், இல்லை உடம்பு முடியாதவராக, ஊரில் இல்லாதவராக இருக்க வேண்டும். நியூஜெர்சியில் யார் கேட்டாலும் வரும், ஆனால் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கேட்கவே வேண்டாம், பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் வந்துவிடும். அதுவரைக்கும் நோட்டில் இருந்தது. மீதி நோட்டில் இல்லை. அது சான் ஹோசேயில் இருக்கும் மச்சாளின் குழந்தையின் நெற்றியில் இருந்தது.

சொன்னது பிழையாகிப் போனால்? இவர்களுக்குப் பொய்யாக ஒரு நம்பிக்கையைக் கொடுத்து, அதையும் பிடுங்கியது போல ஆகும். சாந்தாமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நிச்சயமாத் தெரியாது," என்று தொடங்கினாள் துவாரகா. "சான் ஹோசேயில என்ட மச்சாள் இருக்கிறா. அவவுக்கு வாக்குச் சீட்டு தபாலில வந்தது. கவரைப் பிரிச்ச உடன உள்ளுக்க இருந்த ஸ்டிக்கரை எடுத்துப் பிள்ளையின்ட நெத்தியில ஒட்டி எங்களுக்குப் படம் அனுப்பினவ. பிள்ளைக்கு எட்டு மாசம். அதுவும் வாக்குப் போட்டதோ எண்டு நான் பகிடி விட்டனான். அங்க ஸ்டிக்கர் சீட்டோடயே வருது. போட்டாலும் வரும், போடாட்டிலும் வரும்."

மணியன் அவளை முறைத்துப் பார்த்தார். புரிந்துகொள்ள பயப்படுகிறவரின் பார்வை அது.

"மணியன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் சாந்தாமணி. "பையன்கிட்ட கேட்டீங்களா?"

"மிட்டெர்ம்..."

"பத்து நாளா? ஒரு தடவைகூட?"

"படிக்கிற நேரத்துல எப்படிங்க மனசைக் கெடுக்கிறது?" என்றார் சேனாபதி.

"அம்மணி, போனைப் போடு," என்றாள் சாந்தாமணி கயலிடம்.

"நோ!" மணியன் பாய்ந்து வந்தார். "அவன் ஆமான்னு சொல்லிட்டா? ரெண்டு சாட்சி இங்க நிக்கறீங்க. அப்புறம் எங்களால மறைக்கக்கூட முடியாது. கயல், வேண்டாம், கயல்!"

கயல் கணவனை ஒரு முறை பார்த்தாள், மாமனாரின் வெள்ளைச் சட்டையை ஒரு முறை பார்த்தாள். பிறகு வீடியோ அழைப்பை அழுத்தினாள்.

ஐந்தாவது மணியில் திரை விழித்தது. கலைந்த தலை, காதில் ஹெட்போன். "அம்மா? வாட்ஸ் அப்? எக்ஸாம் இன் ஃபார்ட்டி மினிட்ஸ்."

"தம்பி," கயலின் குரல் உடைந்தது. "போன நவம்பர்ல... நீ அங்க ஓட்டுப் போட்டியா?"

"ஹியர்? நோ. ஐ வோட்டட் ஜெர்சி. அப்பா அனுப்பினாரே."

"அப்போ அந்த ஸ்டிக்கர்?"

"அது பேலட்கூடவே வந்தது. ஃப்ரீ ஸ்டிக்கர், மா." அவன் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தான். "வை ஆர் யூ க்ரையிங்? தாத்தா ஓகேவா?"

மணியன் காரின் மேல் கையூன்றிக்கொண்டார். சாந்தாமணி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, நான் உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சவ. அந்த கலிஃபோர்னியா பேலட் இப்ப எங்க?"

"ஐ டோன்ட் நோ. இட்ஸ் பீன் எ இயர், ஆன்ட்டி. மே பி குப்பைல..."

"குப்பைன்னா உன் வாய்ச்சொல்தான் இருக்கும். தேடு. ரெண்டு வருஷமா அதே ரூம்தானே?"

தேடினான். டிராயரைக் கொட்டினான், மெத்தையைத் தூக்கினான், புத்தகங்களை உதறினான். நான்கு இருபத்திரண்டு. நான்கு இருபத்தாறு. மேசை மேல் நிறுத்தியிருந்த போன் வழியாக அவன் முதுகும் கையும் சட்டைத் துணிகளும் மட்டும் மாறி மாறித் தெரிந்தன. துவாரகா மனதுக்குள் ஒவ்வொரு இடமாக அடித்துக்கொண்டே வந்தாள். டிராயர் இல்லை. மெத்தை இல்லை. அலமாரி இல்லை. அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினான். பழைய மேசை, ஒரு மூலையில் தோல் உரிந்தது. அவ்வளவு எடைக்கும் படம் கொஞ்சமும் ஆடவில்லை.

"தம்பி," என்றாள் துவாரகா, "உந்த மேசை ஆடாதோ?"

"இட் யூஸ்ட் டு. நான் பேப்பர் மடிச்சு வெச்சு..."

அவன் பாதியில் நிறுத்தினான். திரையிலிருந்து மறைந்தான். போன் சரிந்து கூரையைக் காட்டியது. டேப் பிய்க்கும் சத்தம் கேட்டது. மறுபடி முகம் வந்தபோது அவன் கையில், எட்டாக மடித்து நசுங்கிய ஒரு கவர். பிரித்துக் காட்டினான். கலிஃபோர்னியா, போன நவம்பர், அவன் முழுப் பெயர், பார்கோடு. கையெழுத்துக் கட்டம் காலி. உள்ளே சீட்டு. ஒரு வட்டம்கூட நிரப்பப்படவில்லை.

ரோட்டோரத்தில் உட்கார்ந்து மணியன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பேரனுக்கு விஷயத்தைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. "யூ வேர் கோயிங் டு சென்ட் தாத்தா பேக்?" என்றான் அவன். "பத்து நாள்ல ஒருத்தர்கூட என்னை ஒரு கேள்வி கேக்கலையா? ஒரு எக்ஸாமுக்காகவா?"



நான்கு முப்பத்தெட்டுக்கு இளங்குமரன் சாந்தாமணியின் போனில் ஸ்பீக்கரில் வந்தார். கவரின் படங்களைப் பார்த்துவிட்டார். அவர் பக்கம் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது, வேண்டுமென்றே கேட்கும்படி கிழித்தார். பையனின் பிறப்புச் சான்றிதழையும் அந்த ஹைஸ்கூல் சர்டிஃபிகேட்டையும் இப்போதே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கலிஃபோர்னியாவில் வாக்குப் பதிவாகவில்லை என்ற தாளுக்கு இன்றைக்கே எழுதுவதாகச் சொன்னார். மணியன் சான்றிதழ்களை எடுக்க உள்ளே ஓடினார்.

"புது ஸ்டேட்மென்ட் அம்மா பேருல போடறேன்," என்றார் வக்கீல். "மிஸஸ் கயல், ரெக்கார்ட் பண்றேன். அந்த அட்ரஸ்ல போன நவம்பர் ஓட்டுப் போட்டது யாரு? சர்டிஃபிகேட்டுல இருக்கற பேரு. ஆர்யன்னு சொன்னா செல்லாது."

கயல் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது வருடம் அந்தப் பெயரைச் சுற்றிப் போன நாக்கு. பள்ளிக்கூடப் படிவங்களில் எழுதியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் விரலால் காட்டியிருக்கிறாள். சொன்னதில்லை. அவள் கண்கள் சேனாபதியிடம் போய் நின்றன.

சேனாபதி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "சொல்லம்மணி," என்றார். "பேருன்னா கூப்பிடத்தானே வெக்கிறது."

கயல் கையிலிருந்த திரையில், இன்னும் அழைப்பில் இருந்த மகனைப் பார்த்தாள்.

"சேனாபதி," என்றாள்.

"யா, மா?" என்றது திரை.

"ஏஞ்சாமி?" என்றார் காரோரத்தில் நின்றவர், அதே நேரத்தில்.